ஸ்கேன்ல 'குழந்தை வெயிட் கம்மி'ன்னு வந்துச்சா? வாரக் கணக்குல இருந்து டெலிவரி தேதி வரைக்கும் ஸ்டெப் பை ஸ்டெப்

32 வார ஸ்கேன் முடிஞ்சு ரிப்போர்ட் கைக்கு வருது. குழந்தையோட எடை 1.6 கிலோ, கீழ கடைசி வரியில ஐயுஜிஆர்னோ எஃப்ஜிஆர்னோ '10வது பர்சன்டைலுக்கு கீழ'ன்னோ எழுதியிருக்கு, அதாவது அதே வாரத்துல இருக்கிற 100 குழந்தையை எடை வரிசையில நிறுத்துனா கடைசி பத்துக்குள்ள வருதுன்னு அர்த்தம். டாக்டரை பாக்குறதுக்கு முன்னாடியே வராண்டாவுல நின்னுக்கிட்டு போன்ல தேட ஆரம்பிச்சிடுவோம், வீட்டுக்கு போனா 'ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இப்படி ஆகுமா'ன்னு ஒரு குரல் ரெடியா இருக்கும். நான் பிரசவ வார்டுல நர்ஸ், அந்த 1.6 கிலோங்கற நம்பர் என் சொந்த ரிப்போர்ட்லயும் வந்துச்சு, அதனால ரெண்டு பக்கமும் தெரியும். அந்த ஒரே நம்பரை வச்சே முழுசையும் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. சின்னக் குழந்தை வேற, வளராத குழந்தை வேற. அப்பா அம்மா ரெண்டு பேரும் சின்ன உடம்புன்னா குழந்தையும் சின்னதா இருக்கும், நல்லா இருக்கும், அது நோய் இல்ல. எஸ்ஜிஏன்னு சொல்றது வெறும் சைஸை. எஃப்ஜிஆர்னு சொல்றது, வளர வேண்டிய அளவுக்கு அந்தக் குழந்தையால வளர முடியாம ஏதோ தடுக்குதுன்னு சொல்றது. ஐயுஜிஆர்ங்கறது இதோட பழைய பேரு. 10வது பர்சன்டைலுக்கு கீழ வர்ற குழந்தைகள்ல பாதிக்கு மேல ஆரோக்கியமான சின்னக் குழந்தைங்க தான். மிச்சத்தை எப்படி பிரிச்சு எடுக்கறதுங்கறது தான் இனிமே வர்ற ஸ்டெப் எல்லாம்.

ஸ்டெப் 1: வாரக் கணக்கு சரியான்னு பாருங்க

இதை விட்டுட்டு மத்ததை பாக்கறதுல அர்த்தமே இல்ல. வாரக் கணக்கை கடைசி பீரியட் தேதியில இருந்து எண்ணுறாங்க, அது 28 நாளைக்கு ஒரு தடவை பீரியட் வர்றவங்களுக்கு சரி. எனக்கு 40 நாளைக்கு ஒரு தடவை தான் வரும், அப்படின்னா கரு உருவானதே கணக்குக்கு 12 நாள் தள்ளி. ரிப்போர்ட்ல 32 வாரம்னு போட்டிருந்தாலும் உண்மையில என் குழந்தைக்கு 30 வாரம் 2 நாள் தான். ஹாட்லாக்னு வாரத்துக்கு எவ்ளோ எடை இருக்கணும்னு சொல்ற சார்ட்ல 32 வாரத்துக்கு 10வது பர்சன்டைல் சுமார் 1,620 கிராம், அதனால 1.6 கிலோ கம்மியாயிடுச்சு, ஆனா 30 வாரத்துக்கு சராசரியே சுமார் 1,560 கிராம்! குழந்தை ஒரு கிராம் கூட மாறல, தேதி மாறுனதுமே நோயும் போயிடுச்சு. இதுல கூத்து என்னன்னா என்னோட முதல் மூணு மாச ஸ்கேன் பேப்பர் ஃபைலுக்குள்ளேயே தான் இருந்துச்சு, அந்த தேதியை யாரும் எடுத்து மாத்தி எழுதல, நர்ஸா இருந்துக்கிட்டு நானும் பாக்கல, ரெண்டு நாள் அழுதது தான் மிச்சம்.

அதனால பழைய ஃபைலை தோண்டி எடுங்க. முதல் 13 வாரத்துக்குள்ள எடுத்த ஸ்கேன்ல சிஆர்எல்னு ஒரு அளவு இருக்கும், குழந்தையோட தலையில இருந்து பிட்டம் வரைக்கும் உள்ள நீளம். அதை வச்சு சொல்ற வாரக் கணக்கு தான் நம்பகமானது, அஞ்சாறு நாள் முன்ன பின்ன இருக்கலாம், அவ்ளோதான். கடைசி மூணு மாசத்துல முதல் தடவையா ஸ்கேன் எடுத்து தேதி போட்டா அது மூணு வாரம் வரைக்கும் தப்பலாம். அதை விட மோசம், நிஜமாவே வளராத குழந்தையை பாத்து 'தேதி தான் தப்பு'ன்னு பின்னாடி தள்ளி வைக்கிறது. முதல் ஸ்கேன்ல ஒரு தடவை தேதியை முடிவு பண்ணிட்டா பின்னாடி வர்ற எந்த ஸ்கேனுக்காகவும் அதை மாத்தக் கூடாது. ஒவ்வொரு ஸ்கேன் ரிப்போர்ட்லயும் புதுசா ஒரு டெலிவரி தேதி பிரிண்ட் ஆகி வரும், அதை கண்டுக்காதீங்க.

ஸ்டெப் 2: ஒரு புள்ளியை பாக்காதீங்க, கோட்டை பாருங்க

வயித்துல இருக்கிற குழந்தையை யாரும் தராசுல வைக்கல. தலையோட குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயித்துச் சுற்றளவு, தொடை எலும்போட நீளம், இந்த நாலையும் ஃபார்முலாவுல போட்டு கம்ப்யூட்டர் போடுற உத்தேசக் கணக்கு அது. 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் தப்பு வரலாம், அப்ப 1.6 கிலோன்னா நிஜத்துல 1.4ஆவும் இருக்கலாம் 1.8ஆவும் இருக்கலாம். ஸ்கேன் பண்றவங்க கை, குழந்தை படுத்திருக்கிற விதம், பனிக்குடத் தண்ணி அளவு, எல்லாமே இதுல சேரும்.

இப்ப ரெண்டு குழந்தையை பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம், தேதி ரெண்டுக்கும் சரி, ரெண்டுமே 32 வாரத்துல 1.6 கிலோ. முதல் குழந்தை 28 வாரத்துல 1,010 கிராம் இருந்துச்சு, அப்பவே 10வது பர்சன்டைல் பக்கத்துல தான், இப்பவும் அங்கயே தான், தன் கோட்டை பிடிச்சுக்கிட்டு ஒழுங்கா ஏறி வருது. ரெண்டாவது குழந்தை 28 வாரத்துல 1,250 கிராம், சராசரிக்கு மேல. நாலு வாரத்துல இது சுமார் 750 கிராம் ஏறியிருக்கணும், ஏறுனது வெறும் 350. எனக்கு பயம் வர்றது இந்த ரெண்டாவது குழந்தையை பாத்து தான், ரிப்போர்ட்ல ரெண்டுக்கும் ஒரே வரி தான் எழுதியிருக்கும்.

எடையை விட ஏசின்னு போட்டிருக்கிற வயித்துச் சுற்றளவை தனியா பாருங்க. குழந்தைக்கு சாப்பாடு தாராளமா வந்தா மிச்சத்தை கல்லீரல்ல சேத்து வைக்கும், வரத்து குறைஞ்சா முதல்ல கரையறது அந்த சேமிப்பு தான், கல்லீரல் சுருங்கும், வயிறு சுருங்கும், தலை மட்டும் கொஞ்ச நாளைக்கு தாக்குப் பிடிச்சு வளரும். எடை 10வது பர்சன்டைலுக்கு மேல இருந்தும் ஏசி மட்டும் கீழ விழுந்திருந்தா அதுவும் கேக்க வேண்டிய விஷயம் தான்.

3வது பர்சன்டைலுக்கு கீழ இருந்தா வேற எதுவும் தப்பா இல்லன்னாலும் அதை எஃப்ஜிஆர்னு தான் எடுத்துப்பாங்க. 3க்கும் 10க்கும் நடுவுல இருந்தா இன்னொரு சாட்சி வேணும், டாப்ளரோ (ரத்த ஓட்டத்தை பாக்குற ஸ்கேன், அடுத்த ஸ்டெப்ல வரும்) கோடு சரிஞ்சதோ. வளர்ச்சியை பாக்க மறுபடி ஸ்கேன் எடுக்கறதுன்னா குறைஞ்சது ரெண்டு வாரம், முடிஞ்சா மூணு வாரம் இடைவெளி விடணும். பயத்துல நாலு நாள்ல வேற இடத்துல போய் எடுத்தா அந்த 10 சதவீத தப்புக்குள்ளயே ரெண்டு நம்பரும் மாட்டிக்கும், 'குழந்தை வெயிட் இறங்கிடுச்சு'ன்னு சொல்லி இன்னும் பயப்படுவீங்க.

ஸ்கேனுக்கு முன்னாடியே சந்தேகம் வர்றது டேப்ல. 24 வாரத்துக்கு அப்புறம் கர்ப்பப்பை உயரம் செ.மீ. கணக்குல வாரத்தோட ஏறக்குறைய ஒத்துப் போகும், 3 செ.மீ. மேல குறைஞ்சாலோ ரெண்டு விசிட்டா ஏறவே இல்லன்னாலோ ஸ்கேனுக்கு அனுப்புவாங்க. செக்கப்ல டேப் வச்சு அளக்கலன்னா தயங்காம கேளுங்க.

ஸ்டெப் 3: டாப்ளர், முக்கியமான பக்கம் இதுதான்

சைஸ் என்ன ஆச்சுன்னு எடை சொல்லும், குழந்தை இப்ப எப்படி இருக்குன்னு டாப்ளர் தான் சொல்லும். சாதாரண ஸ்கேன் மாதிரி தான், வலி கிடையாது, ரத்தம் ஓடுறது அலை அலையா ஸ்கிரீன்ல வரும்.

தொப்புள்கொடி ரத்தக்குழாய்ல குழந்தையோட இதயம் துடிக்கும்போது ரத்தம் நஞ்சுக்கொடிக்கு பாயும், ரெண்டு துடிப்புக்கு நடுவுலயும் நிக்காம கொஞ்சம் ஓடிக்கிட்டே இருக்கணும். நஞ்சுக்கொடிக்குள்ள இருக்கிற சின்னச் சின்னக் குழாய் எல்லாம் அடைபட்டா எதிர்ப்பு ஏறும், ரிப்போர்ட்ல பிஐ (அந்த எதிர்ப்பை காட்டுற நம்பர்) அதிகம்னு வரும். இன்னும் மோசமானா அந்த நடு நேரத்துல ஓட்டமே நின்னுடும், அதை ஏஇடிஎஃப்னு எழுதுவாங்க. அதுக்கும் மேல போனா ரத்தம் பின்னாடி திரும்பும், ஆர்இடிஎஃப். இந்த கடைசி ரெண்டும் வந்துச்சுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரில அட்மிட் ஆகணும், அடுத்த விசிட் வரைக்கும் பொறுக்கற விஷயம் இல்ல.

அடுத்தது எம்சிஏ, குழந்தையோட மூளைக்கு போற குழாய். ஆக்ஸிஜன் குறையும்போது குழந்தை கையையும் காலையும் கிட்னியையும் பட்டினி போட்டு மூளைக்கு மட்டும் ரத்தத்தை திருப்பி விடும், அந்தக் குழாய்ல எதிர்ப்பு குறையும். நல்ல விஷயம் மாதிரி தெரியும், இல்ல, குழந்தை சமாளிக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். கிட்னிக்கு ரத்தம் குறைஞ்சா மூத்திரம் குறையும், பனிக்குடத் தண்ணின்னு நாம சொல்றது பெரும்பாலும் அந்த மூத்திரம் தான், அதனால தண்ணியும் குறையும். தண்ணி கம்மின்னு சொன்னதும் சொம்பு சொம்பா தண்ணி குடிக்கச் சொல்றாங்க, உங்களுக்கு நீர்ச்சத்து குறைவா இருந்தா அது உதவும், நஞ்சுக்கொடியில பிரச்சனைன்னா அது அதை சரி பண்ணாது.

32 வாரத்துக்கு அப்புறம் வர்ற எஃப்ஜிஆர்ல தொப்புள்கொடி டாப்ளர் நார்மலாவே வரலாம், மூளை டாப்ளர்ல தான் மாட்டும். 'டாப்ளர் நார்மல்'னு ஒரு வரி மட்டும் பாத்துட்டு நிம்மதியா வீட்டுக்கு போகாம 'எம்சிஏ, சிபிஆர் பாத்தீங்களா'ன்னு கேளுங்க. சிபிஆர்ங்கறது இந்த ரெண்டு குழாயோட விகிதம், வேற ஒண்ணும் இல்ல. 32 வாரத்துக்கு முன்னாடி தீவிரமா இருக்கிற கேஸ்ல டக்டஸ் வீனோசஸ்னு இன்னொரு குழாயையும் பாப்பாங்க, அது இதயம் களைச்சுப் போறதை காட்டும்.

ஸ்டெப் 4: ஏன்னு தேடுறது

பெரும்பாலும் நஞ்சுக்கொடி தான். கர்ப்பத்தோட முதல் பாதியில அம்மாவோட கர்ப்பப்பை ரத்தக்குழாய் எல்லாம் அகலமாகி நஞ்சுக்கொடிக்கு வழி விடணும், அது சரியா நடக்கலன்னா பின்னாடி குழந்தைக்கு வரத்து பத்தாது, அதே கோளாறு அம்மாவுக்கு பிரஷரா வந்து நிக்கும். அதனால குழந்தை வெயிட் கம்மின்னு சொன்ன அன்னையில இருந்து உங்க பிரஷரையும் மூத்திரத்துல புரோட்டீனையும் விடாம பாக்கணும். விடாத தலைவலி, கண்ணு மங்கறது, விலா எலும்புக்கு கீழ வலி, திடீர்னு முகம் வீங்கறது, இதெல்லாம் வந்தா ராத்திரின்னு பாக்காம கிளம்புங்க.

அம்மா பக்கம் வேற காரணங்கள்னா ஏற்கனவே இருக்கிற பிரஷர், கிட்னி நோய், லூபஸ், ரத்தம் உறையுற பிரச்சனை, ரொம்ப நாள் சுகர், கடுமையான ரத்தசோகை, சிகரெட், குடி. குழந்தை பக்கம் குரோமோசோம் கோளாறு, உறுப்புக் கோளாறு, சிஎம்வி, டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா மாதிரி தொற்று. 24 வாரத்துக்கு முன்னாடியே குழந்தை ரொம்ப சின்னதா இருந்தா, இல்ல உறுப்புல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா, பனிக்குடத் தண்ணி எடுத்து குரோமோசோமும் தொற்றும் பாக்கலாமான்னு பேச்சு வரும். ரெட்டைக் குழந்தை ஒரே நஞ்சுக்கொடியை பங்கு போட்டிருந்தா அதோட கணக்கே தனி, அதுக்குன்னு பழக்கமான டாக்டர் கிட்ட தான் பாக்கணும்.

சாப்பாடு? அம்மா நிஜமாவே பட்டினியா, உடம்பு ரொம்ப இளைச்சு இருந்தா அது காரணம் தான், சாப்பாடு சரி பண்ணா பலனும் கிடைக்கும். மத்தபடி ஓரளவு நல்லா சாப்பிடுற பொண்ணுக்கு வர்ற எஃப்ஜிஆருக்கு அவ தட்டுல என்ன இருந்துச்சுங்கறது பதில் இல்ல. குழாய் அடைச்சிருக்கும்போது தொட்டியில எவ்ளோ தண்ணி ஊத்துனாலும் வயலுக்கு போகாது. இதை வீட்டுல இருக்கிறவங்களுக்கு படிச்சு காட்டுங்க.

ஸ்டெப் 5: என்ன பண்ணா குழந்தை வளரும்?

நேர்மையா சொல்லணும்னா, ஏற்கனவே அடைபட்ட நஞ்சுக்கொடியை திறந்து விடுற மருந்து எதுவும் இன்னைக்கு தேதிக்கு கிடையாது. ரத்தக்குழாயை விரிய வைக்கிற சில்டெனாஃபில்ங்கற மாத்திரை வேலை செய்யும்னு ரொம்ப நம்பி பல நாட்டுல ஆய்வு நடத்துனாங்க, நெதர்லாந்துல நடந்ததை 2018ல பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிடுச்சு, பிறந்த குழந்தைகளுக்கு நுரையீரல் பிரச்சனை வந்து இறப்பும் ஆச்சு. அதனால இதுக்குன்னு யாராவது அந்த மாத்திரை எழுதுனா கேள்வி கேளுங்க. ட்ரிப்ஸ்ல அமினோ ஆசிட் ஏத்துறதுக்கும் நல்ல ஆதாரம் கிடையாது. டப்பா டப்பாவா புரோட்டீன் பவுடர் கரைச்சு குடிக்கிறது உதவாது, புரோட்டீனை மட்டும் அளவுக்கு மீறி ஏத்துறது கெடுதல் பண்ணலாம்னு கூட ஆய்வுகள் காட்டுது. படுக்கையை விட்டு எழுந்திரிக்காம கிடக்கிறதாலயும் குழந்தை வளர்றதா நிரூபணம் இல்ல, மாறா கால்ல ரத்தம் உறையுற ஆபத்து தான் கூடும்.

அப்ப என்ன தான் பண்றது? சிகரெட் இருந்தா இன்னைக்கே விடுங்க, வீட்டுக்குள்ள மத்தவங்க பிடிக்கிறதையும் நிறுத்துங்க, மாத்தக்கூடியதுல பெரிய விஷயம் இதுதான். ரத்தசோகைக்கும் பிரஷருக்கும் சுகருக்கும் ஒழுங்கா மருந்து எடுங்க. 28 வாரத்துக்கு மேல தூங்கப் போகும்போது ஒருக்களிச்சு படுங்க, நடுராத்திரி முழிச்சா மல்லாந்து கிடந்தீங்கன்னா பதறாம திரும்பி படுத்தா போதும். மிச்ச சிகிச்சை எல்லாமே கண்காணிப்பு தான், வயித்துக்குள்ள இருக்கிறது நல்லதா வெளிய எடுக்கறது நல்லதான்னு சரியான நேரத்தை பிடிக்கிறது.

ஸ்டெப் 6: கண்காணிப்பு, அதுல உங்க பங்கு

டாப்ளர் நார்மலா இருந்தா ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, எதிர்ப்பு ஏறியிருந்தா வாரம் ஒண்ணு ரெண்டு தடவை, ஓட்டம் நின்னிருந்தா ஆஸ்பத்திரியிலேயே வச்சு ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை இல்ல தினமும் பாப்பாங்க. நடுவுல சிடிஜி, சில இடத்துல என்எஸ்டின்னு சொல்லுவாங்க, வயித்துல ரெண்டு பெல்ட் கட்டி இதயத்துடிப்பை பேப்பர்ல பதியறது. அது அந்த நேரத்து நிலைமையை தான் சொல்லும், 'காலையில நல்லா இருந்துச்சே'ன்னு சாயங்காலம் அசைவு குறைஞ்சப்போ வீட்டுலயே இருந்துடாதீங்க.

அசைவை பத்தி தான் வார்டுல நான் தொண்டை கிழிய கத்துவேன். இத்தனை தடவை அசையணும்னு எல்லாருக்கும் பொதுவா ஒரு நம்பர் கிடையாது, உங்க குழந்தையோட வழக்கம் உங்களுக்கு தெரியும், அது மாறுனா வாங்க. சந்தேகமா இருந்தா இடது பக்கமா படுத்து ரெண்டு மணி நேரம் அதுலயே கவனம் வைங்க, பத்து அசைவு வரலன்னா கிளம்புங்க. ஏற்கனவே எஃப்ஜிஆர்னு சொல்லியிருந்தா அந்த ரெண்டு மணி நேரம் கூட வேண்டாம், நேரா கிளம்புங்க. 'மாசம் நெருங்க நெருங்க இடம் பத்தாம அசைவு குறையும்'னு சொல்றதை நம்பாதீங்க, அசையற விதம் மாறலாம், எண்ணிக்கை குறையக் கூடாது. இனிப்பு ஏதாவது குடிச்சு எழுப்பி பாக்கலாம்னு நேரத்தை ஓட்டாதீங்க. ஒருத்தங்க ராத்திரி 11 மணிக்கு 'தொந்தரவு பண்றேனோ'ன்னு தயங்கித் தயங்கி போன் பண்ணாங்க, வரச் சொன்னோம், பேப்பர்ல துடிப்பு ஏத்த இறக்கமே இல்லாம கோடு போட்ட மாதிரி ஓடிச்சு, ஒரு மணிக்குள்ள சிசேரியன், குழந்தை அழுதுச்சு. காலையில வரலாம்னு நினைச்சிருந்தாங்கன்னா?

ஸ்டெப் 7: எப்ப எடுக்கறது

டாக்டர்களுக்கே கஷ்டமான கேள்வி இது. சீக்கிரம் எடுத்தா நுரையீரல் முத்தாத குறைமாசக் குழந்தை, லேட்டானா உள்ளேயே இழக்கற ஆபத்து. பொதுவா பின்பற்றுற கணக்கு என்னன்னா: 3வது பர்சன்டைலுக்கும் 10வது பர்சன்டைலுக்கும் நடுவுல எடை, டாப்ளர் நார்மல்னா 38ல இருந்து 39 வாரம். 3க்கு கீழன்னா, இல்ல தொப்புள்கொடியில எதிர்ப்பு ஏறியிருந்தா 37 வாரம் பக்கம். ஓட்டம் நின்னிருந்தா 33-34 வாரம், பின்னாடி திரும்பினா 30ல இருந்து 32க்குள்ள. நடுவுல சிடிஜி கெட்டாலோ அம்மாவோட பிரஷர் கட்டுக்கு அடங்கலன்னாலோ இந்த கணக்கு எதுவும் செல்லாது, உடனே எடுத்துடுவாங்க.

34 வாரத்துக்கு முன்னாடி எடுக்க வேண்டி வந்தா குழந்தையோட நுரையீரலுக்காக அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, பீட்டாமெத்தசோன்னா 24 மணி நேர இடைவெளியில ரெண்டு ஊசி, டெக்ஸாமெத்தசோன்னா 12 மணிக்கு ஒண்ணா நாலு. 32 வாரத்துக்கு முன்னாடின்னா மூளை பாதுகாப்புக்கு மெக்னீசியம் சல்ஃபேட்டும் ஏறும், ஏறும்போது உடம்பெல்லாம் குப்புன்னு சூடாகும், பயப்படாதீங்க. பிறக்கப் போற இடத்துல அவ்ளோ சின்னக் குழந்தையை பாக்குற என்ஐசியூ (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கான்னு முன்னாடியே கேளுங்க, பிறந்த அப்புறம் ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டு ஓடுறதை விட வயித்துலயே வச்சு மாத்துறது எவ்வளவோ மேல்.

எஃப்ஜிஆர்னாலே சிசேரியன் தான்னு இல்ல. ஓட்டம் நின்னு போயிருந்தா பெரும்பாலும் சிசேரியன், ஏன்னா வலி வரும்போது இன்னும் குறையுற ஆக்ஸிஜனை அந்தக் குழந்தை தாங்காது. டாப்ளர் ஓரளவு நல்லா இருந்தா வலி வர வச்சு, சிடிஜி கழட்டாம சுகப்பிரசவம் பாக்கலாம். 36 வாரத்துக்கு மேல சந்தேகக் கேஸ்கள்ல வலி வர வைக்கிறதையும் பொறுத்து பாக்குறதையும் ஒப்பிட்ட டிஜிடாட்னு ஒரு நெதர்லாந்து ஆய்வு 2010ல வந்துச்சு, வலி வர வச்சதால சிசேரியன் கூடல. 26ல இருந்து 32 வாரத்துக்குள்ள இருந்த தீவிரமான கேஸ்களை எடுத்து நடத்துன ஐரோப்பாவோட டிரஃபிள் ஆய்வுல, ரெண்டு வயசுல பாத்தப்போ சுமார் 82 சதவீதக் குழந்தைகள் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இல்லாம உயிரோட இருந்தாங்க. என்ஐசியூ வாசல்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இந்த நம்பரை நான் அடிக்கடி சொல்லுவேன்.

ஸ்டெப் 8: பிறந்த அப்புறம்

சேமிப்பு இல்லாத குழந்தை, அதனால முதல் ரெண்டு நாள் சுகர் இறங்கலாம், உடம்பு சில்லுன்னு ஆகலாம், மஞ்சள் காமாலை வரலாம். முதல் மணி நேரத்துக்குள்ள பால், நெஞ்சோட நெஞ்சா ஒட்டி வச்சுக்கிறது, தலைக்கு தொப்பி, சொன்ன நேரத்துக்கு குதிகால்ல குத்தி சுகர் பாக்குறது, குத்தும்போது உங்களுக்கு தான் அழுகை வரும். பெரும்பாலான குழந்தைகள் ரெண்டு வயசுக்குள்ள உயரத்துலயும் எடையிலயும் மத்தவங்களை எட்டிப் பிடிச்சிடும், பத்துல ஒண்ணு எட்டாம போகலாம், அப்ப குழந்தை டாக்டர் கிட்ட காட்டணும். அதுக்காக ஊட்டி ஊட்டி குண்டாக்காதீங்க, சின்னதா பிறந்து வேகமா வெயிட் போடுறவங்களுக்கு பின்னாடி சுகர், பிரஷர் வர்ற வாய்ப்பு கூடுது.

நஞ்சுக்கொடியை குப்பையில போடாம பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி பிரசவத்துக்கு முன்னாடியே கேட்டு வைங்க, அப்புறம் கேட்டா இருக்காது. அந்த ரிப்போர்ட், குழந்தையோட பிறந்த எடை, எத்தனை வாரத்துல பிறந்துச்சு, உங்க பிரஷர் எவ்ளோ இருந்துச்சு, இந்த நாலையும் ஒரே பேப்பர்ல எழுதி வைங்க. அடுத்த தடவை கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே, மூணாவது மாசம் வரைக்கும் காத்திருக்காம, அந்த பேப்பரோட டாக்டர்ட்ட போங்க. குறைஞ்ச அளவு ஆஸ்பிரின் உங்களுக்கு தேவைன்னா அது 16 வாரத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சா தான் நல்ல பலன், 20 வார ஸ்கேன்ல போய் பழைய கதையை சொன்னா அந்த நேரம் தாண்டியிருக்கும். போகும்போது முதல் ஸ்கேனோட சிஆர்எல் தேதியை ஃபைலோட முதல் பக்கத்துல பெரிய எழுத்துல எழுதிடுங்க, என்னை மாதிரி ரெண்டு நாள் அழ வேண்டாம்.